அரை மீட்டர்

அந்த நீச்சல் குளத்தில் அவரைக் கயிறுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மிதவைக் கயிறுகளை இழுத்துக் கட்டுவது, தண்ணீருக்கு மருந்து போடுவது, முடி அடைத்த வடிகட்டியைக் கழுவுவது என்று இருபத்திரண்டு வருஷம் அந்த ஈரத்திலேயே ஊறிப்போன மனுஷர். நகமெல்லாம் மருந்தில் வெளுத்து, கால் விரலிடுக்குப் புண் ஆறுவதும் இல்லை, பெரிதாவதும் இல்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. அதே தண்ணீரில்தான் மகள் நீந்திப் பழகினாள்.

ஒரே கடலைச் சுற்றியிருக்கிற பதினோரு நாடுகளின் போட்டி இந்த முறை அவர்கள் குளத்துக்கே வந்துவிட்டது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது. மகளுக்கு நூறு மீட்டர், மல்லாந்து நீந்துகிற பந்தயம். காலையில் தகுதிச் சுற்று, மாலையில் இறுதி. இறுதியில் கால் வைத்தால் தேசிய முகாமில் இடம். இல்லையென்றால் பன்னிரண்டாம் வகுப்போடு நீச்சலுக்கு முழுக்கு என்று அவளுடைய அம்மா கறாராகச் சொல்லியிருந்தாள்.

மல்லாந்து போகிறவளுக்குச் சுவர் தெரியாது. சுவருக்கு ஐந்து மீட்டர் முன்னால், தலைக்கு மேலே குறுக்கே கட்டியிருக்கிற கொடிகள்தான் அவளுக்குக் கண். கொடியைத் தாண்டியதும் கையை எண்ண ஆரம்பிப்பாள். மூன்றாவது கையில் புரண்டு, குட்டிக்கரணம் போட்டு, காலால் சுவரை உதைத்துத் திரும்ப வேண்டும். வெளியூர்க் குளமென்றால் முதல் நாளே போய் எண்ணிப் பார்த்துக்கொள்வாள். சொந்த வீட்டில் வாசல்படியை யார் எண்ணுகிறார்கள்?

கொடிக் கம்பங்கள் துருப்பிடித்துப் போனதால் ஏழு மாதம் முன்பு புதிதாக நட்டார்கள். நட்டவர்கள் இரண்டு பேர். கயிறுக்காரரும், அவர் மனைவியின் தம்பியும். தம்பி அங்கே பம்பு ஓட்டுகிறவன். குளத்தில் எல்லாருக்கும் அவன் ‘பம்பு’. மகளை முதன்முதலில் தண்ணீரில் இறக்கிவிட்டவனும் இந்தத் தாய்மாமன்தான். அடுத்த வாரம் அவனுக்கு மேற்பார்வையாளர் வேலை போட்டுத் தருவதாகப் பேச்சு.

காலையில் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கி உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டு ஏறிய பிறகு, பம்பு அவசரமாக வந்தான்.

"மச்சான், கீழ ஃபில்டர்ல பிரஷர் ஏறுது. போய்ப் பாரு."

"நேத்துதானே கழுவினேன்?"

"இத்தனை நாட்டுக்காரன் அழுக்கு இறங்கியிருக்கு. நேத்து கழுவினது எம்மாத்திரம்? போ, மேல நான் பாத்துக்கிறேன்."

கீழே போனார். மீட்டர் முள் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றது. வந்ததுதான் வந்தோம் என்று கழுவிவிட்டு, ஒலிபெருக்கியில் மகளின் சுற்றைக் கூப்பிட்ட பிறகுதான் ஈரக்காலோடு மேலே ஓடிவந்தார்.

நாலாவது பாதையில் மகள். முதல் நீளத்தின் பாதியிலேயே பக்கத்துத் தீவுக்காரியை ஒரு கை நீளம் முந்திவிட்டாள். கொடியைத் தாண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று இவரும் வாய்க்குள் எண்ணினார். புரண்டாள், சுருண்டாள், உதைத்தாள்.

கால் சுவரில் படவில்லை. வெறும் தண்ணீரை உதைத்து, நின்ற இடத்திலேயே தடுமாறி, கையால் துழாவிச் சுவரைத் தள்ளிக்கொண்டு போனாள். கரையில் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் கையைத் தூக்கினார். புரண்ட பிறகு இப்படி நின்று துழாவக் கூடாது என்பது விதி. தகுதி நீக்கம்.

கயிறுக்காரர் மகளைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார். கொடிக் கயிறு கம்பத்தில் இல்லை. கம்பத்துக்கு உட்புறம் அரை மீட்டர் தள்ளி, இரண்டு இரும்பு ஸ்டாண்டில் கட்டியிருந்தது. அந்த இரட்டைச் சுருக்கு முடிச்சு பம்பு போடுகிற முடிச்சு.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர்களுடைய அளவு நாடா ஒரு தடவை மோட்டார் பெல்ட்டில் மாட்டி, முதல் அரை மீட்டர் பிய்ந்துபோனது. புது நாடா கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதில் ஐந்தரை வரும் இடத்தில் நிறுத்தினால்தான் ஐந்து. கம்பம் நட்ட அன்று பிய்ந்த முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்தவர் இவர். எண்ணைப் படித்தவன் அவன். "கரெக்டா அஞ்சு, குழியத் தோண்டு" என்றான். இவரும் தோண்டினார். ஏழு மாதமாக மகள் எண்ணிப் பழகியது நாலரை மீட்டரை.

கொடி இடம் மாறியிருப்பதைப் பார்த்துவிட்ட மகளின் பயிற்சியாளரம்மா அதற்குள் புகார்த் தாளோடு நடுவர் மேசைக்குப் போய்விட்டார். நடுவர் பொறுமையாகத்தான் சொன்னார். காலையில் அளந்தாராம், தப்பாக இருந்ததாம், மாற்றச் சொன்னாராம். "உங்க பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்கன்னு பம்பு ஆப்பரேட்டர்கிட்ட தெளிவா சொன்னேனே."

பம்புவைக் கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன் சார். அந்தப் பொண்ணோட அப்பாகிட்டயே சொன்னேன். இதோ நிக்கிறாரு. கயிறு மாத்தும்போது இவரும்தான் பக்கத்துல இருந்தாரு. பதட்டத்துல மறந்துட்டாரு போல."

கயிறுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "என்கிட்டயா? மச்சான், என்கிட்டயாடா சொன்னே?"

"ஏன் மச்சான், தலையக்கூட ஆட்டினியே."

நடுவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஊழியருக்குத் தகவல் போயிருக்கு. புகார் செல்லாது." முத்திரை குத்தித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பயிற்சியாளரம்மா இவரைப் பார்த்த பார்வைக்கு நாலு அறை வாங்கியிருக்கலாம்.

பம்பு அறை வாசலில் அவனைப் பிடித்தார்.

"கழுத்தறுத்துட்டியேடா."

"கத்தாத மச்சான். அளவு தப்புன்னு என் பேரை எழுதினா, வர்ற வேலை மட்டுமில்ல, இருக்கிறதும் போயிடும். உன்னை என்ன பண்ணிடுவாங்க? நீ கயிறு கட்டுற ஆளு. ரெண்டு திட்டு திட்டுவாங்க, அவ்வளவுதான்."

"அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அரை நிமிஷ வேலைடா."

"சொன்னா ஏன் மாத்தினீங்கன்னு கேப்பா. நாலு பேர் காதுல விழும். அவளே சமாளிச்சுக்குவான்னு நெனச்சேன்."

"அதுக்குத்தான் என்னைக் கீழ அனுப்பினியா?"

இத்தனை வருஷம் ஒரே கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்த ஆள். அந்த முகத்தில் வெட்கம் இருக்கிறதா என்று தேடினார். பயம்தான் இருந்தது.

மகள் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். கண்ணாடி அழுத்திய தடம் கண்ணைச் சுற்றி அப்படியே இருந்தது.

"உங்கப்பா மறந்ததாலதான் எல்லாம்னு கோச் சொன்னாங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

கயிறுக்காரர் வாயெடுக்குமுன் பம்பு முந்திக்கொண்டான். "விடு கண்ணு. அப்பாவுக்கு வயசாச்சு. உனக்கு வயசு இருக்கு, அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அப்பாகிட்ட எப்ப மாமா சொன்னீங்க?"

"கயிறு மாத்தும்போதுதான். பக்கத்துலதானே நின்னாரு."

"அப்போ ஃபில்டர் ரூம்ல யாரு இருந்தது? துண்டு கேட்டு நான் கீழ போனேன். சத்தத்துல கூப்பிட்டது காதுல விழல. முதுகைக் காட்டிக் கழுவிக்கிட்டிருந்தாரு. நான் மேல ஏறி வரும்போது நீங்க ஸ்டாண்டைத் தூக்கிக்கிட்டு வந்தீங்க. என்னைப் பாத்துச் சிரிச்சீங்க மாமா."

பம்பு சட்டைப் பித்தானைத் திருகினான்.

"வா கண்ணு, நடுவர்கிட்ட சொல்லுவோம்," என்றார் அப்பா.

"புகார் கொடுக்க அரை மணி நேரம்தான், அது முடிஞ்சுதுப்பா. இனி வாங்க மாட்டாங்க."

வெளியே ஒலிபெருக்கி இறுதிச் சுற்றுக்குத் தேறிய எட்டு நாட்டின் பேரைப் படித்தது. அதில் அவர்கள் நாடு இல்லை. பம்பு ஒரு அடி கிட்ட வந்து, "அக்காகிட்ட மட்டும் இதைச் சொல்ல வேணாம் மச்சான். குடும்பம் ரெண்டு பட்டுடும்," என்றான்.

"அவர் சொல்ல மாட்டாரு," என்றாள் மகள். "நான் சொல்லுவேன்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாவின் வெளுத்த கையைப் பிடித்தாள். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.