மீனுக்குக் கமரா, மனிதருக்கு மூன்று கேள்வி

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு இத்தால் அறியத் தருவது: பலேர்மோ நகரின் சீசாப் பகுதியில், லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தின் நாலாம் மாடியில் வசிக்கும் திருவாளர் கோபாலசிங்கத்தின் ஏக புத்திரி ஜெனனி, செயற்கை நுண்ணறிவின் துணைகொண்டு சிசிலியின் கரையோரக் கடலை நிர்வகிக்கும் மகத்தான பணியில் அமர்ந்துள்ளார். மத்தியதரைக் கடல் இனிக் கவலையில்லாமல் அலையடிக்கலாம்.

இந்த அறிவிப்பைக் கோபாலசிங்கம் கோயிலில் செய்தார், பஸ்ஸில் செய்தார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாய் மரத்துப்போகும் வரை செய்தார். விஷயம் இவ்வளவுதான்: மீன்பிடிப் படகுகளில் கமரா பூட்டியிருக்கிறார்கள். வலை மேலே வந்ததும் கணினி ஒவ்வொரு மீனையும் பார்த்து, என்ன இனம், பிடிக்கலாமா, குஞ்சென்றால் திரும்பக் கடலில் விட வேண்டுமா என்று சொல்லும். அதற்கு மீன்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பவள் ஜெனனி. அப்பாவின் வாயில் அந்த 'மீன்' மட்டும் எப்படியோ நழுவிவிடும். 'கடல்சார் தரவு' என்பார். அவரே மொண்டெல்லோவில் ஓர் உணவகத்தின் பின்பக்கத்தில் பகல் முழுக்கச் செதில் சுரண்டுகிறவர்தான். ஊருக்கு அது 'ஹோட்டல் லைன்'. கையை எலுமிச்சம்பழத்தால் தேய்க்காமல் பஸ் ஏற மாட்டார்.

அந்த ஞாயிறு காலை, ஜெனனி கட்டிக்கொள்ள விரும்பிய சாந்தரூபன் வீட்டுக்கு வந்தான். அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரி. படகுகளில் ஏறிக் கமரா பூட்டுகிறவனும் அவன்தான். கையில் பெரிய பாரை மீன் ஒன்று.

"இதையும் உங்கடை கம்ப்யூட்டர் பாத்ததோ, தம்பி?"

"ஓம் அங்கிள். பிடிக்கலாமெண்டு சொன்ன பிறகுதான் வாங்கினனான்."

கோபாலசிங்கம் குலுங்கிச் சிரித்தார். அவருடைய மனைவி ஞானம்பிகை மீனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கண்ணாடி அலுமாரியிலிருந்து பூப்போட்ட பீங்கான் கோப்பைகளை இறக்கினாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது நம்மவரின் சொந்தக் கருவி இயங்கத் தொடங்கியது. அதற்குக் கமரா வேண்டாம், மின்சாரம் வேண்டாம்.

"தம்பியவை ஊரிலை எவடம்?"

"நான் பிறந்தது இஞ்சைதான். அப்பா ஆக்கள் பருத்தித்துறை."

"அட, நல்ல இடம். பருத்தித்துறையிலை எந்தப் பக்கம்?"

"கரைப்பக்கம், அங்கிள்."

"கரையோ..." சிரிப்பு பாதியில் நின்றது. "உங்கடை அப்பப்பா என்ன செய்தவர்?"

"வள்ளம் வைச்சிருந்தவர். நல்ல மீன்பிடிகாரன் எண்டு இப்பவும் சொல்லுவினம்."

இனங்காணல் முடிந்தது. கோபாலசிங்கம் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பீங்கான் கோப்பை அலுமாரிக்குத் திரும்பிப் போனது. பிறந்தநாளில் மிஞ்சிய, பலூன் படம் போட்ட காகிதக் கப்பில் சாந்தரூபனுக்குத் தேநீர் வந்தது. மற்றவர்களுக்குப் பீங்கான்.

"கழுவுற வேலை மிச்சம், தம்பி. குறை நினையாதையுங்கோ."

சாந்தரூபன் கப்பைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. "தேத்தண்ணி நல்லாயிருக்கு, அன்ரி," என்றான்.

ஜெனனி தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். "எனக்கும் காகிதக் கப்பிலை தாங்கோ, அம்மா. வேலை மிச்சம்."

"பிள்ளை, சும்மா இரு."

"அப்பா, நான் நாள் முழுக்க மீனைத்தான் பாக்கிறன். அதுக்குத்தானே கோயிலிலை எனக்குப் பொன்னாடை போடச் சொல்லிக் கேட்டனீங்கள்?"

"அது கம்ப்யூட்டரிலை. கையிலை தண்ணி படாது."

"உங்கடை கையிலை படுகுதே?"

கோபாலசிங்கம் கைகளை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டார். ஞானம்பிகை இடையில் புகுந்தாள். "சனம் என்ன கதைக்கும், பிள்ளை?"

"எங்கடை கம்ப்யூட்டர் பிழை விட்டா நாங்கள் திருத்தலாம், அம்மா. இதைத் திருத்த ஏலாது." ஜெனனி எழுந்து ஜாக்கெட்டை எடுத்தாள். "வாற மாதம் கொமூனேக் கந்தோரிலை கலியாணத்தைப் பதியிறம். ரெண்டுபேரும் வாங்கோ. உங்களுக்குக் கண்ணாடிக் கிளாசிலைதான் தருவம்."

இருவரும் படியிறங்கிப் போனார்கள். அவர்கள் முதலாம் மாடியைத் தாண்டிய பிறகு, கோபாலசிங்கம் கதவைத் திறந்து மாடிப்படிகளுக்குப் பிரகடனம் செய்தார்: அந்தப் பையன் இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது. அவன் கைபட்ட ஒரு பொருளும் இந்த வீட்டுக்குள் இருக்கக் கூடாது. காகிதக் கப்பை ஞானம்பிகை உடனே குப்பையில் போட்டாள்.

பாரை மத்தியானம் குழம்பாயிற்று. தலைத்துண்டை அவர்தான் சாப்பிட்டார்.