முதல் அரைமணியில் இரண்டு பாட்டு

"எங்கடி போட்டிருக்கான் நம்மள?" என்று அக்கா கேட்டாள். மேடைக்குப் பின்னால் போகிற நடையில், அன்றைக்கு யார் எப்போது பாட வேண்டும் என்று ஒட்டியிருக்கும் தாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அக்காவுக்குக் கண்ணில் புரை. தாள் இருப்பது தெரியும், எழுத்து தெரியாது.

"முதல் அரைமணியில."

"அதுல?"

"முதல் ஆளு."

அவள் கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். முதல் ஆள் என்றால் ஏதோ மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நேரத்தில் சனங்கள் பாப்கார்னும் கையுமாகத் தங்கள் இருக்கையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலத்தில் கடைசி அரைமணியை நாங்கள்தான் முடித்துவைப்போம். அப்புறம் நடுவில் வந்தோம். பிறகு அந்தத் தாளில் படிப்படியாக மேலே ஏறி, வெளியே போகிற கதவுப் பக்கத்துக்கே வந்துவிட்டோம்.

டக் ரிவர் ஜூபிலி என்கிற இந்தப் பாட்டுக் கச்சேரி எங்கள் அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே சனிக்கிழமைதோறும் ரேடியோவில் வருகிறது. அதில் உறுப்பினர் ஆவதென்றால் டென்னசி மாநிலத்தில் பாதிப்பேருக்குச் சொர்க்கம் கிடைத்த மாதிரி. மேடையில் நிற்கவைத்துப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். பதிலுக்கு நம்முடைய சனிக்கிழமைகளைத் தருவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். பெரிய பெரிய நட்சத்திரங்கள் அந்த இடத்தில் அழுதிருக்கிறார்கள். அழுகிற அழுகையைப் பார்த்தால் இனிமேல் வீட்டுக்கே போகமாட்டார்கள் போலத் தோன்றும். அடுத்த மாதத்திலிருந்து ஆளைக் கண்ணில் காண முடியாது. ஊர் ஊராகக் கச்சேரி, பஸ் ரிப்பேர், தொண்டை கட்டு. அவர்கள் பெயரைப் பார்த்துத்தான் டிக்கெட் விற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை போன் அடித்து "நாளைக்கு ஒரு இடம் காலியாக இருக்கு, வர முடியுமா?" என்று கேட்டால், "ஆகட்டும்" என்று சொல்கிற நாலு கிழங்கள் இருந்தால்தான் கச்சேரி ஓடும். நாங்கள் அந்தக் கிழங்கள்.

எனக்கு அலுத்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வது? கென்டக்கி எல்லையிலிருந்து மழையிலும் பனியிலும் நான்தான் வண்டி ஓட்டுகிறேன். முழங்கால் இரண்டும் படியேற மாட்டேன் என்கின்றன. என் பையன் ராய்ஸ் டெக்சஸில் எனக்கென்று ஒரு அறையைப் பெயின்ட் அடித்து வைத்துக்கொண்டு, "எப்பம்மா வரே?" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கேட்கிறான். போகாமல் இருந்தது அக்காவுக்காக. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, டிவி கூடச் சரியாகத் தெரியாது. இந்தச் சனிக்கிழமையையும் பிடுங்கிவிட்டால் அக்கா ஆர்வெல்லாவுக்கு என்ன மிஞ்சும்? இப்படியே நினைத்து நினைத்து என் வயசும் எழுபத்தி மூன்றைத் தாண்டிவிட்டது. இந்த டிசம்பரில் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

டிசம்பரில்தான் டுவைட் எல்லாரையும் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டுக் கேட்பான். யார் எப்போது பாட வேண்டும் என்று தீர்மானிப்பவன் அவன். என் பையனைவிடச் சின்னவன். வாரா வாரம் வராதவர்களுக்குச் சமாதானம் சொல்லியே தலை நரைத்துவிட்டது. அன்றைக்கு அக்காவை ஒப்பனை அறையில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் அவனிடம் போனேன்.

"உட்காருங்க இமோஜின்மா. வர்ற வருஷம் எத்தன சனிக்கிழம எழுதிக்கட்டும்?"

"ஒண்ணும் வேணாம் தம்பி. நான் இதோட நின்னுக்கறேன்."

அவன் பேனாவைக் கீழே வைத்தான். "நீங்க தனியாவா சேந்தீங்க? ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு உறுப்பினர். நீங்க நின்னா அவங்க பேரும் போயிடும். அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இனிமேதான்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "போன வருஷம் இதே நாற்காலியில உக்காந்து உங்க அக்காவும் இதேதான் சொன்னாங்க. இதே பதிலத்தான் நானும் சொன்னேன். 'ஐயோ, அவ தனியா என்ன பண்ணுவா? புருஷனும் போயிட்டான், இந்தச் சனிக்கிழம ஒண்ணுதான் அவளுக்கு'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. என்னால முடியலம்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழங்காலையும் மறந்து விறுவிறுவென்று நடந்தேன். அக்கா கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, புகைமூட்டமாகத் தலையில் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் டுவைட்கிட்ட என்னக்கா சொன்ன?"

ஸ்பிரே நின்றது. "அந்தப் பய வாயில ஒண்ணும் தங்காது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அழுவ."

"நான் எதுக்கு அழணும்? நீ தனியாக் கெடந்து பித்துப் பிடிச்சுப் போயிடுவியேன்னுதானே உன்ன ஏத்திக்கிட்டு வர்றேன்!"

"எனக்கா?" அக்கா நாற்காலியோடு திரும்பினாள். "சனிக்கிழம சாயங்காலம் எங்க சர்ச்சுல மீன் வறுக்கறாங்கடி. ஊரே போகுது. நான் ஒரு நாளாவது போயிருக்கேனா? ஞாயித்துக்கிழம போய், 'நேத்து மீன் எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டுட்டு வர்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். கண் மை ஓடுகிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் உடம்பெல்லாம் வலித்தது. இத்தனை வருஷத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

"அப்ப விட்டுடலாமா?" என்றேன்.

"விட்டுடலாம்."

"இன்னியோடயா?"

"இன்னியோடதான். ஏன், உனக்கு இழுக்குதா?"

"போக்கா."

"டாக்கெட் சிஸ்டர்ஸ்!" என்று எங்களை மேடைக்குக் கூப்பிடும் குரல் வெளியே கேட்டது. அவள் கை நீட்டினாள், தூக்கிவிட்டேன்.

மைதா மாவு விளம்பரத்தைப் படித்துவிட்டு அறிவிப்பாளர் எங்கள் பெயரைச் சொன்னார். விளக்கு வெளிச்சத்துக்குள் போனோம். வயசாக ஆகச் சுருதியை இறக்கி இறக்கி இப்போது தரைமட்டத்தில் பாடுகிறோம். அக்கா பாட்டை எடுப்பாள், நான் மேல் குரலில் சேர்ந்துகொள்வேன். முன்வரிசையில் தொப்பி போட்ட ஒருவர், தன் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதாகத் தகராறு செய்துகொண்டிருந்தார். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது பாட்டில் அக்கா கடைசி வரியை வழக்கத்தைவிட நீட்டினாள். மூச்சு போதாமல் நானும் கூடவே இழுத்தேன். நன்றாகப் பாடினோம் என்று சொல்லமாட்டேன். கைதட்டினார்கள், அதுவும் வழக்கமான அளவுதான்.

அடுத்து பாட வேண்டியவன் இடதுபக்கத் திரையோரம் கிட்டாரோடு நின்றுகொண்டிருந்தான். போன வசந்தத்தில் சேர்ந்தபோது விம்மி விம்மி அழுதவன், அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் வந்திருக்கிறான். கூட்டம் முழுக்க அவனுக்காக வந்தது. அறிவிப்பாளர் எங்களுக்கு நன்றி சொல்லிவிட்டார். இனி அக்காவின் முழங்கையைப் பிடித்து நான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

பிடித்தேன். அக்கா நகரவில்லை. மைக்கைப் பிடித்த கையை எடுக்கவும் இல்லை. இருட்டாகத் தெரிகிற கூட்டத்தை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அங்கே என்ன தெரிந்திருக்கும்? 'வா அக்கா' என்று சொன்னால் ரேடியோவில் ஊருக்கே கேட்கும். லேசாக இழுத்தால் வந்துவிடுவாள். நான் இழுக்கவில்லை. வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், தகராறு செய்த ஆள்கூட வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். டென்னசி முழுக்க ரேடியோவில் ஒரு சத்தமும் போகவில்லை. திரையோரம் நின்ற அந்தப் பெரிய பாடகன், என்ன நினைத்தானோ, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்திருந்தான்.