மடிச் சோதனை

தாளிட்ட அறையொன்றுக்குள் எழுத்தால் நுழைவது பண்பாகாது என்பதை அறிவேன். முதன்முறையாக எழுதத் துணிந்த என்னைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

படுக்கையில் கிடக்கும் திருப்பதியைக் கவனிக்கக் கூலிக்கு வரும் சுருளியம்மாள், கதவைத் தாளிட்ட பிறகுதான் அவர் வேட்டியைத் தளர்த்துவாள். இடுப்பின்மேல் துண்டை விரித்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, துண்டுக்கு அடியிலேயே கைவிட்டுத் துடைப்பாள். அன்பினால் அன்று. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவர் கங்காணியாயிருந்த காலத்தில், மாலையில் ஜீப்பில் ஏறுமுன் பெண்கள் வரிசையில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். ஏலக்காய் ஒளித்திருக்கிறதா என்று தேடும் சாக்கில் அவர் கை மடியோடு நிற்காது. அந்தக் கையை அவள் இடுப்பு இன்னும் மறக்கவில்லை. தன் கையும் அப்படியொரு கையாகிவிடக் கூடாதென்று இருந்தாள். வாதம் ஒரு பக்கத்தை முடக்கியபின் அவருக்குக் குறையாதிருந்தது வாய் ஒன்றே.

"மெல்லத் தேய்டி. மாட்டையா கழுவுற?"

"மாடு இப்பிடி வையாது கங்காணி. கால அகட்டுங்க."

அன்று கதவு அதிர்ந்தது. தேவாரம் ஊரிலிருந்து நலம் விசாரிக்க வந்த உறவினரோடு மருமகள் சுசித்ரா வெளியே நின்றாள்.

"தொற. வெரசா பாத்துட்டுப் பஸ்சுக்குப் போகணுமாம்."

"ஆளு துணியில்லாமக் கெடக்காரு. செத்த நிக்கச் சொல்லுங்க."

"சாகப்போற கெழவனுக்கு என்ன வெக்கம்? தொறங்கிறேன்ல!"

வேட்டியைக் கட்டி, சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை அவள் திறக்கவில்லை. வந்தவர்கள் முகஞ்சுளித்துக் கிளம்பிவிட்டார்கள்.

மாலையில் அவள் புறப்படும்போது சுசித்ரா நிலையை மறித்தாள்.

"கதவச் சாத்திக்கிட்டு உள்ள அப்பிடி என்ன சோலி? பீரோவும் உள்ளதான இருக்கு?"

சுருளியம்மாள் கட்டிலைப் பார்த்தாள். கதவு யாருக்காகச் சாத்தப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். ஒரு சொல் போதும். திருப்பதியின் கோணிய வாயில் பழைய அதிகாரம் ஏறியது.

"மடிய ஒதறச் சொல்லு. தடவிப் பாரு. தோட்டத்துக் கழுதைக, விட்டா வீட்டையே அள்ளிட்டுப் போயிருவாளுக."

"மலையில ஒதறுனது போதும். இங்க எவ கைய வச்சாலும் முறிச்சிருவேன்."

"ஒதறாமப் போனா நாளைக்கு இந்த வாசப்படி மிதிக்காத!"

"மிதிக்கல தாயி. நீயே கழுவிக்க."

மறுநாள் காலை மகன் அவரைக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துவந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் இருத்தி, ரப்பர் குழாயால் நீரைப் பீய்ச்சினான். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவருடைய நல்ல கை, வெற்று மடியின்மேல் இல்லாத துணியொன்றை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தது.

சுருளியம்மாளுக்கு வேலை போயிற்று. திருப்பதிக்கு மறைவு போயிற்று. பீரோவிலிருந்து ஒன்றும் போகவில்லை.