மூன்று மெத்தை போட்ட பூட்ஸ்

வா கண்ணு, கிட்ட வந்து உட்காரு. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொள். நாள் முழுக்க உன்னைச் சுமந்த காலுக்குத்தான் இந்தக் கதை. காதும் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் ஒரு வெல்டர். வெள்ளிக்கிழமை அவருக்குத் தேர்வு. நிறுத்திவைத்த இரண்டு தகடுகளைக் கீழிருந்து மேல்வரை, நின்றபடியே இரண்டு மணி நேரம் பற்றவைக்க வேண்டும். தேறினால் பெரிய தொட்டி வேலை. தவறினால் காலம் முழுக்கக் கிரைண்டர் பிடித்து, அடுத்தவர் போட்ட வெல்டிங் பற்றைத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஏற்கெனவே ஒருமுறை தவறியவர்.

கையில் குறையில்லை. குறையெல்லாம் பட்டறையில் கொடுத்த புது பூட்ஸில். விரலுக்கு மேலே இரும்புக் கவசம், அடியிலே பாறை. மத்தியானம் ஆனால் குதிகால் எரியும். கால் மாற்றி நிற்பார், கை அசையும், பற்று கோணிப்போகும்.

அவர் மனைவிக்கு ஓர் அண்ணன். ஊரே அவரை 'ஆலோசகர்' என்றுதான் கூப்பிட்டது. வேலை டிக்கெட் கவுண்டரில். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஆகவே, கால்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை.

திங்கட்கிழமை பூட்ஸுக்குள் போடும் மெத்தை ஒன்றோடு, ஜெல் இன்சோலோடு வந்தார். "இதைப் போடுங்க மாப்ள. மேகத்து மேல நடக்கிற மாதிரி இருக்கும்."

மேகம் மத்தியானத்துக்குள் கலைந்துபோனது. செவ்வாய்க்கிழமை ஸ்பான்ஜ் இன்சோல். அதை ஜெல்லுக்கு மேலே. புதன்கிழமை நடுவில் மேடு வைத்த கெட்டி இன்சோல். அதை ஸ்பான்ஜுக்கு மேலே. கூடவே கொத்தாகச் சாக்ஸ். அதில் பருத்திச் சாக்ஸை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று ஜோடி மாட்டச் சொன்னார்.

"விரல் மரத்துப்போகுது மச்சான்."

"மரத்துப்போனா வலி தெரியாதில்ல? அதுக்குத்தான் மாப்ள இவ்வளவு பாடு."

வெல்டர் கயிற்றை முடிந்தார். முடிய நுனி போதவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகை. மேற்பார்வையாளர் பற்றைக் குனிந்து பார்த்தார். "நண்டு ஏறிப்போன தடமாட்டம் இருக்கு. நாளைக்கும் இப்படித்தான்னா, கிரைண்டர் அங்கயேதான் இருக்கு, எடுத்துக்கோ."

சாயங்காலம் நொண்டிக்கொண்டு வீடு வந்தார். மனைவி சீருடை தைக்கும் தையல்காரி. பூட்ஸைப் பற்றி இரண்டு ஆண்பிள்ளைகள் நான்கு நாளாகப் பேசினார்களே, அவளை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா? கேட்டால் தீர்ந்துபோய்விடுமே. அன்று அவளே மெஷினை நிறுத்திவிட்டு வந்து பூட்ஸுக்குள் கையை விட்டாள். கெட்டி வந்தது. ஸ்பான்ஜ் வந்தது. ஜெல் வந்தது. அதற்கும் அடியில், பூட்ஸோடு பிறந்த இன்சோல், வியர்வையில் ஊறி நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இத ஏன் எடுக்கல?"

"அது பூட்ஸோட வந்ததாச்சே," என்றார் அன்றும் வந்து உட்கார்ந்திருந்த ஆலோசகர். "அதையெல்லாம் எடுக்கக் கூடாதும்மா."

"ஏன்ணே, பழைய லைனிங்கப் பிரிக்காம யாராச்சும் புது லைனிங் தைப்பாங்களா? உள்ள நாலு மெத்தை, மூணு சாக்ஸ். அப்புறம் கால் எங்க போகும், வெளிய நின்னு காத்துட்டிருக்குமா?"

ஆலோசகர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் கணவனை எழுந்து நிற்க வைத்து, ஒவ்வொரு இன்சோலாகக் காலடியில் போட்டாள். ஜெல்லில் பாதம் புதைந்தது. ஸ்பான்ஜ் அப்பளமாகப் படுத்தது. கெட்டியில் மட்டும் உள்பாதம் மேட்டிலே பதிந்து நின்றது. பழையதைப் பெயர்த்தெடுத்து, அதன் மேலே வைத்துக் கோடு இழுத்து, துணி வெட்டும் கத்தரியால் ஓரத்தைச் சீவினாள். பிறகு சாக்ஸ் கொத்தை உள்வெளியாகத் திருப்பி, விரல் நுனியிலே தையல் புடைக்கிறதா என்று கட்டைவிரலால் தடவினாள். புடைத்தவையெல்லாம் ஒதுங்கின. ஒதுங்காமல் மிஞ்சியது கம்பளி கலந்த ஒரு சாம்பல் ஜோடி.

"அது சும்மா கொசுறாக் கொடுத்தது," என்றார் ஆலோசகர்.

"அப்ப கடைக்காரருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு."

அந்த ஒரு ஜோடி, அந்த ஓர் இன்சோல். வெல்டர் கயிற்றை முடிந்து வீட்டுக்குள்ளேயே ஒன்பது சுற்று நடந்தார். பூட்ஸுக்குள் விரலை மடக்கி நீட்டினார். பத்தும் அசைந்தன. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் கண்ணு.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் அப்படியே நின்றார். மேற்பார்வையாளர் பற்றை விரலால் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் தடுக்கவில்லை. "திங்கட்கிழமை தொட்டிக்கு வந்துடு," என்று மட்டும் சொன்னார்.

சேதி கேட்டு ஆலோசகர் ஓடி வந்தார். "பார்த்தியா, நான் வாங்கிக் குடுத்த இன்சோல்."

"உண்மைதாண்ணே," என்றாள் தங்கை. அதிலே பொய்யில்லையே. மிச்சமான ஜெல்லையும் ஸ்பான்ஜையும் சேர்த்துத் தைத்த ஒரு திண்டை அவர் கையில் கொடுத்தாள். "நாற்காலியில போட்டுக்கோ. பாவம், உன் உழைப்பெல்லாம் அங்கதானே."

இன்றுவரை அவர் மேகத்தின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறார்.

உன் வீட்டிலிருந்து காலையில் கிளம்பும் கால்களெல்லாம் கொப்புளமில்லாமல் சாயங்காலம் வாசல் வந்து சேரட்டும் கண்ணு. அடுப்பும் விளக்கும் அவற்றுக்காகக் காத்திருக்கட்டும். ஆலோசனை சொல்ல வருகிறவர்களுக்கும் நல்ல நாற்காலியாகக் கிடைக்கட்டும்.