கழிமுகத்தில் ஒரு கேன்

எங்கள் நாட்டில் முக்கியமான ஆறுகள் ஐந்து. ஐந்தும் எங்கள் அருங்காட்சியகத்தின் தரைத்தளத்தில் காலையில் உற்பத்தியாகி மாலையில் வற்றிவிடும்.

சிமெண்டில் செய்த நாடு அது. ஒரு சுவரோரம் மலைகள், எதிர்ச் சுவரோரம் கடல். கடல் என்பது நீலப் பெயிண்ட் அடித்த நீளமான தொட்டி. அதற்குள் இருக்கும் மோட்டார் தண்ணீரைக் குழாய் வழியாக மலைக்கு ஏற்றும். அங்கிருந்து ஐந்து வாய்க்கால்களில் இறங்கி அது மறுபடியும் கடலுக்கு வரும். பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வது என் வேலை. நிலவியல் பட்டதாரி என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சத்தமாகப் பேச வராது என்பது அவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் ஆறுகளின் சலசலப்பை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஊரில் குழாயில் தண்ணீர் வருவது அபூர்வம். ஆறுகளுக்கு மட்டும் தினமும் டேங்கர் லாரி வரும். இரவில் தண்ணீர் தேங்கினால் கொசு வரும், அதனால் மாலையில் வடித்துவிட வேண்டும் என்பது விதி. எங்கே வடிப்பது என்று விதியில் இல்லை. நாங்கள் வீட்டுக்கு எடுத்துப் போனோம்.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கழிமுகத்திலும் ஒரு கேனை வைத்துவிடுவோம். கடல் வற்றி மோட்டார் காற்றை உறிஞ்சிக் கத்தும்வரை கேன்கள் நிரம்பும். யாருக்கு எந்த ஆறு என்பது பதவிப்படி. பேராறு சூப்பரின்டெண்ட் சாருக்கு. செவ்வாறு கிளார்க்குக்கு. இரட்டை ஆறுகளில் ஒன்று மோட்டார்காரருக்கு, இன்னொன்று கூட்டுகிற அக்காவுக்கு. கடைசியாகச் சேர்ந்த எனக்குக் கடையாறு. விரல் அகலம்தான், ஆனால் ஒரு கேன் நிரம்பிவிடும். அந்த ஒரு கேன் வந்தால் அம்மா முழங்கால் வலியோடு தெருமுனை அடிபம்புக்குப் போக வேண்டாம்.

"இன்னைக்கு ஆறு கலங்கலா இருக்கே, மலையில மழையா?" என்று அண்ணி தினமும் கேட்பாள். அவள் கையில் அண்ணனின் மூன்று மாதக் குழந்தை. அதன் குளியலும் கடையாற்றில்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நான்தான் சும்மா இருக்கவில்லை.

ஒருநாள் ஒரு பள்ளிக்கூடம் வந்தது. கடையாற்றின் பக்கம் நின்று வழக்கம்போல ஆரம்பித்தேன். வடக்கு வயல்களுக்குப் பாசனம், உப்பளங்களுக்கு எல்லை, படகுப் பாட்டுகள் பிறந்த கரை, கடைசியில் இங்கே கடலில் கலக்கிறது.

முன்வரிசையில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள். "கலக்காது மிஸ். அது எங்க ஊரு. நாங்க அந்த ஆத்துக்குள்ளதான் பந்து விளையாடுவோம்."

"மழைக்காலத்துல?"

"அப்பவும்தான். கொஞ்சம் சேறா இருக்கும்."

அன்று மதியம் செயற்கைக்கோள் படங்களைத் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. மேலே அணை கட்டிய பிறகு கடையாறு கடலைப் பார்க்கவே இல்லை. எங்கள் மாதிரியில் அந்த அணை கிடையாது. எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது. வாயால் சொல்ல வராததை எழுதினால் சொல்லிவிடுவேன். படங்களோடு ஒரு பக்கக் குறிப்பு எழுதி சூப்பரின்டெண்ட் சார் மேசையில் வைத்தேன்.

அவர் என்னை எல்லார் முன்னாலும் பாராட்டினார். "இத்தனை வருஷமா நாம எல்லாரும் பொய்யைக் காட்டிட்டு இருந்திருக்கோம். இந்தப் பொண்ணு வந்துதான் கண்ணைத் திறந்திருக்கு." கிளார்க் கைதட்டினார். எனக்குக் காது வரைக்கும் சூடானது.

இரண்டே நாளில் கொத்தனார் வந்தார். அந்த அலுவலகத்தில் எந்த வேலையும் அவ்வளவு சீக்கிரம் நடந்ததில்லை. கடையாற்றின் நடுவில் கச்சிதமாக ஓர் அணை கட்டினார். அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏறித் தரையில் வழிய ஆரம்பித்தது. "இதை எங்க திருப்பி விடறதுங்க?" என்று கேட்டார். சூப்பரின்டெண்ட் சார் கொஞ்ச நேரம் நாட்டைச் சுற்றி வந்தார். பிறகு பேராற்றைக் காட்டினார்.

அன்று மாலை கழிமுகத்தில் என் கேனை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பழக்கம்தான். மோட்டார் கத்தி ஓய்ந்தது. கேனில் ஒரு சொட்டு இல்லை. சூப்பரின்டெண்ட் சார் இரண்டு கேன்களுக்குப் பிறகு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"உன் ஆத்துக்கு நீயே அணை கட்டிட்டியேடி!" என்றாள் கூட்டுகிற அக்கா. "இதுல கொஞ்சம் எடுத்துட்டுப் போ" என்று தன் கேனைச் சாய்த்துக் கால்வாசி ஊற்றினாள். அவளுக்கு வீட்டில் ஐந்து பேர். மறுநாள் நான் கேட்கவில்லை, அவளும் ஊற்றவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

"உண்மையைச் சொன்னதுக்கு மாலை போடுவாங்கன்னு பாத்தா, கேனைக் கவுத்து அனுப்பிட்டாங்களா?" என்றாள் அண்ணி. "படிச்ச படிப்புக்கு இது போதும்."

"விடு, அவ என்ன பண்ணுவா" என்று அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் பிடுங்கப் பார்த்தும் விடவில்லை. "வேலைக்குப் போயிட்டு வந்த புள்ள நீ, உக்காரு." படியில் பக்கவாட்டாக, ஒவ்வொரு காலாக இறங்கினாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த வாரம் முழுவதும் நான் மற்ற ஆறுகளைப் படித்தேன். பழிவாங்கப் படித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் பேராற்றிலிருந்துதான் தொடங்கினேன். மூன்று பெரிய நகரங்கள் பேராற்றைக் குடிக்கின்றன. கோடையில் கழிமுகத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. கடல்தான் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. இரண்டாவது குறிப்பு எழுதினேன். இந்த முறை மேசையில் வைத்துவிட்டு ஓடவில்லை, நின்றேன். 

சூப்பரின்டெண்ட் சார் இரண்டு முறை படித்தார்.

"உட்காரும்மா. இது உண்மையா?"

"உண்மை சார்."

"அப்போ பேராத்தையும் நிறுத்தணும்கிறியா?"

"முழுசா வேண்டாம் சார். கோடையில மட்டும்."

"இப்ப என்ன காலம்?"

"கோடை சார்."

 அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாரும்மா, விஞ்ஞானம் வேணும். நான் இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாத்தையும் சிமெண்டுல பூசிட்டா புள்ளைங்க எதைப் பாக்கும்? காய்ஞ்ச வாய்க்காலைப் பாக்கவா பஸ் ஏறி வருது?"

நான் பேசவில்லை. பேச வராததும் சில நேரம் உதவுகிறது. அவருக்கு அது பிடிவாதமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"அந்தக் கடையாறு… அது பக்கத்துல வச்சிருக்கிற போர்டுல பூகோளத்தைத் தவிர வேற ஏதோ எழுதியிருக்கே?"

"படகுப் பாட்டு சார்."

"அதைச் சொல்லு முதல்ல! தண்ணி இல்லாம படகு எப்படிம்மா போகும்?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பூகோளப்படி அது செத்துப்போச்சு, சரி. பண்பாட்டுப்படி ஓடிட்டுதானே இருக்கு?"

முதல் குறிப்பின் அடியிலேயே பேனாவை எடுத்து எழுதினார்: 'பண்பாட்டு முக்கியத்துவம் கருதி, அணையில் துளை இடவும்.' இரண்டாவது குறிப்பை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். அதை நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். படிக்கட்டில் அம்மா இறங்குவதுதான் கண் முன்னால் இருந்தது.

கொத்தனார் மறுபடி வந்தார். "கட்டச் சொன்னதும் நீங்கதான், உடைக்கச் சொல்றதும் நீங்கதான்" என்று முனகிக்கொண்டே கட்டைவிரல் அளவுக்கு ஒரு துளை போட்டார். அணை அப்படியே இருந்தது. பேராற்றுக்குத் திருப்பிவிட்ட வாய்க்காலும் அப்படியே இருந்தது. அதை அடைக்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. மாலையில் என் கேன் முக்கால் நிரம்பியது.

முக்கால் கேனை அண்ணி தூக்கிப் பார்த்தாள். "மீதி கால்?"

"அது பூகோளம்."

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு குழந்தையைக் குளிப்பாட்டப் போனாள். அம்மா குடத்தைக் கவிழ்த்து மூலையில் வைத்தாள்.

இன்று வேறொரு பள்ளிக்கூடம் வந்திருந்தது. ஆறுகளைச் சொல்லி முடித்தேன். நோட்டும் பென்சிலுமாக ஒரு பையன் கடையாற்றின் மேல் குனிந்து நின்றான்.

"மிஸ், இந்த அணை நிஜமா?"

"நிஜம்."

"அப்போ இந்தப் பக்கம் தண்ணி எப்படி வருது?"

"அது பண்பாடு" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பின்வரிசை வரைக்கும் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.