மரியநாயகி கேட்ட ருசி

வேலையால் வந்த யாகோப்புக்குக் குந்தவும் ஏலவில்லை. இடுப்பு நாரி அப்படி உழைந்தது. கிழமை முழுக்கக் கிணற்றுக்குள் இறங்கிக் கல்லுடைத்த உடம்பு. என்றாலும் அடுப்பை மூட்டினான். இன்றைக்குப் பெண்சாதி மரியநாயகிக்கு லீவு. குவைத்தில் அவள் வேலை செய்கிற வீட்டுக்காரி மற்ற நாட்களில் போனைக் கொடுக்கமாட்டாள்.

போன முறை அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இஞ்சை பன்றியெண்டு வாயாலை சொல்லவும் ஏலாது. நான் பொரிக்கிற மாதிரி எலும்போடை பொரிச்சு, என்ரை கண்ணுக்கு முன்னாலை தின்னுங்கோ. ருசி எப்பிடியெண்டு சொன்னாலே எனக்குக் காணும்."

கலியாணம் கட்டிய நாள் தொட்டு அடுப்படிப் பக்கம் போகாத மனுசன், முதல்நாளே பருத்தித்துறைக்குச் சைக்கிள் மிதித்துக் கொழுப்போரத்தோடு துண்டு வாங்கி, உப்பு, மிளகு, உள்ளி, வினாகிரி பூசி ஊறவைத்திருந்தான். வீடியோவில் அவள் முகம் வந்ததும், போனைப் போத்தலில் சாய்த்துவிட்டுத் தாச்சியை ஏற்றினான்.

"கனக்க வேகவிடாதேங்கோ. உங்களை விட்டால் கல்லு மாதிரி ஆக்கிப்போடுவியள்."

"கல்லுடைக்கிறவன்தானே."

"கொழுப்பைக் கீறினீங்களோ? கீறாட்டில் உங்கடை மீசை மாதிரிச் சுருண்டுபோம்."

இரண்டு பக்கமும் சிவந்ததும் நெருப்பைத் தணித்து மூடச் சொன்னாள். இறக்கியதும் கொஞ்சம் ஆறவிடவேண்டுமாம். உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டுக்குப் போய்விடும். பொறுத்திருந்து கத்தியை வைத்தான். வெட்டிய இடம் ஈரமாக மினுங்கியது. அவள் எச்சில் விழுங்கியது போனுக்குள்ளால் கேட்டது.

"ம், வையுங்கோ வாயிலை."

கை வாய்க்குக் கிட்டப் போகவும் கோயில் மணி சிலுவைப்பாதைக்கு அடித்தது. தவக்காலத்து வெள்ளி, இறைச்சி தொடக்கூடாது. வெள்ளி என்றால் அவளுக்கு லீவு, அவனுக்கு அவளின் முகம். அதற்கு மேல் இருவருக்கும் நினைவு ஓடவில்லை.

"ஆர் பாக்கினம்? ஒரு கடி கடிக்கிறன்."

"வேண்டாம். என்ரை வாய்க்காக நீங்கள் பாவம் தேடவேண்டாம். மூடி வையுங்கோ." அவன் மூடியை எடுக்க, "மணக்குதோ?" என்றாள்.

"ஓம். நல்லா மணக்குது."

"அது காணும்."

காணாது என்று அவள் முகத்தில் தெரிந்தது.

சனிக்கிழமை சூடாக்கித் தின்றான். சாறு வற்றி, பழஞ்செருப்பை மென்ற மாதிரி இருந்தது. அதைப் போய் அவளிடம் ருசி என்று சொல்ல ஏலுமா? இனி உயிர்ப்புத் திருநாள் வரைக்கும் அவள் போனில் வருகிற நாளெல்லாம் வெள்ளிதான்.

ஒரு துண்டுப் பன்றியின் ருசியை யாகோப்பு இன்னும் மரியநாயகிக்குக் கடன்.