கோணல் டைல் தெரிகிறதா?

1.

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. என் மகன் ரிஃபாத் தம்மாமிலிருந்து போனில் சொன்னான்: "உம்மா, ஜூலையில வாரேன். குளத்துல கோணல் டைல் தெரிஞ்சா அது இருந்துட்டுப் போட்டும். தெரியலைன்னா லாரியில மண்ணடிச்சு மூடிருவேன்."

போனை வைத்தேன். அவனுடைய பழைய கெமிஸ்ட்ரி நோட்டை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன். ஆகவே இது பாதி கதை, பாதி மகன்மேல் கொடுத்த புகார். தீர்ப்பு உங்களிடம்.

முதல் வாக்கியத்துக்கு மூன்று முயற்சிகள்:

"மேற்கே மலைமேல் மேகம் கவிந்திருந்தது, மெஹர் பானுவின் மனதிலும்—" (மெஹர் பானு நான்தான். என் மனதில் மேகம் எதுவும் இல்லை. அடித்துவிட்டேன்.)

"தென்காசியில் நீச்சல் குளம் உள்ள வீடுகள் மொத்தம்—" (எண்ணியதில்லை.)

"மைதீன் மீனைப்போல நீந்துவார்." (முழுப்பொய். ஆனாலும் இதை அடிக்க மனம் வரவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2.

மைதீன் என் கணவர். ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தை இருபத்திரண்டு வருஷம் சுத்தம் செய்தார். வேலையாட்கள் குளிக்கக் கூடாது என்பதால் ஒரு நாளும் அதில் இறங்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் வீட்டுக்குப் பின்னால் பதினெட்டடிக்குப் பத்தடி, நாலடி ஆழத்தில் சொந்தமாக ஒன்று கட்டினார்.

தெருவில் எல்லாரும் கேட்டார்கள்: "ஏலே மைதீனு, பஸ் ஏறினா ஐந்தருவி. வீட்டுக்குள்ள தொட்டி கட்டுதியே, கிறுக்காலே?"

"அருவிக்கு நான் போகணும்லா? இது என்னைத் தேடி வந்திருக்கு."

அவருக்கு நீச்சல் தெரியாது. கதையில் இப்படி ஒருவரை வைத்தால் நம்பமாட்டீர்கள் என்று பயந்துதான் மேலே மீன் ஆக்கினேன். நெஞ்சளவுத் தண்ணீரில் கட்டன்சாயா கிளாஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். அவருடைய நீச்சல் அவ்வளவுதான்.

கொத்தனார் போன பிறகு தரையின் கடைசி டைலை அவரே ஒட்டினார். கோணலாக உட்கார்ந்துவிட்டது. "நேராத்தான் இருக்கு, தண்ணி அப்படிக் காட்டுது" என்று ஆறு வருஷம் சாதித்தார். ஆனால் தினமும் இலை அள்ளும் வலையோடு கரையில் நின்று கேட்பார்: "ஏட்டி, கோணல் தெரியுதா?"

"நேரா இருக்குன்னீங்க?"

"தண்ணி சுத்தமான்னுதான் கேட்டேன். வழக்காட வேண்டாம்."

3.

(இந்தப் பகுதியில் கதை நகராது. பொறுமை இல்லாதவர்கள் நான்காவதுக்குப் போகலாம். ரிஃபாத், நீ போகக் கூடாது.)

எங்கள் வீட்டுக்கு வலையில் விழுவதுதான் காலண்டர். பிப்ரவரியில் பக்கத்து வீட்டு வாதாமரத்து இலை. சித்திரையில் வேப்பம்பூ, அப்போது குளோரினைக் காலையில் போட்டால் வெயில் தின்றுவிடும், மஃரிபு தொழுது இருட்டிய பிறகுதான் போட வேண்டும். சாரல் தொடங்கினால் தவளை. மழைத்தண்ணீர் மருந்தை நீர்த்துப் போகச் செய்யும். தினமும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டுவிட்டு நிறம் பார்க்க வேண்டும். ஐப்பசியில்— (ஐப்பசி வெறும் சேறு. விடுங்கள்.) மார்கழியில் யாரும் இறங்கமாட்டார்கள், தண்ணீரை வடிகட்டும் மோட்டார் மட்டும் ஓடும்.

4.

பிப்ரவரி முதல் வாரத்தில் மைதீன் மௌத்தானார். இதை எப்படி எழுதினாலும் ஒரு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை.

அன்று யாரோ ஒரு நல்ல மனுஷர், மௌத்து வீட்டில் இரைச்சல் எதற்கு என்று குளத்து மோட்டாரை நிறுத்திவிட்டார். மரியாதைதான். ஒரு மாதம் யாரும் கவனிக்கவில்லை. நான் கொல்லைக் கதவைத் திறந்தபோது குளம் பச்சைப்பசேல் என்று இருந்தது.

குற்றாலம் விடுதிகளில் குளம் கழுவும் இசக்கிராஜாவைக் கூப்பிடலாம். ஆனால் நான் இத்தாவில் இருந்தேன். கணவர் போனால் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. சொல்லியனுப்பினேன். இசக்கிராஜா யோசித்தான். சைக்கிளை மதில் சுவருக்கு வெளியே நிறுத்தினான்.

"அக்கா, தண்ணி என்ன கலரு?"

"பச்சை."

"என்ன பச்சை? வாழையிலையா, பாசிப்பயறா?"

"பாசிப்பயறு."

"அய்யய்யோ! நீளக் கம்பு பிரஷ்ஷ எடுங்க. சுவத்த மேலயிருந்து கீழ தேயுங்க."

தெருவில் போன ஆவுடைநாயகம் அண்ணாச்சி நின்றுவிட்டார். "ஏலே இசக்கி, சுவருக்கு டியூசன் எடுக்கியோ?"

"தண்ணிக்கு, அண்ணாச்சி."

(இசக்கிராஜாவை நகைச்சுவைக்காகச் சேர்த்ததாக நினைப்பீர்கள். உண்மையில் அவன் பேச்சே இல்லாத ஆள். மதில்தான் அவனைக் கத்த வைத்தது. இத்தா முடிந்த பிறகும் அங்கன நின்றே கத்துகிறான்.)

மே மாதம் பச்சை போய்ப் பால் நிறம் வந்தது. "அது செத்த பாசி, அக்கா. மோட்டார நிறுத்தாதீக!" இத்தா முடிந்த அன்று காலையில் கோணல் தெரிந்தது. "தெரியுது!" என்று கத்தினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம்.

5.

இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் முந்தாநாள் அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. குற்றாலத்தில் உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் மசாஜ் செய்துகொண்ட என் தம்பி குடும்பம் அப்படியே பளபளவென்று இங்கே வந்து, ஆறு பேரும் குளத்தில் குதித்தார்கள்.

"எண்ணெயோட எங்கன போறது? நம்ம அக்கா வீட்டுல அருவி இருக்குல்லா!" என்கிறான் தம்பி.

தண்ணீர்மேல் வானவில். மைதீன் செய்வதுபோலப் பழைய டென்னிஸ் பந்துகளை மிதக்கவிட்டேன். அவை எண்ணெயைக் குடிக்கும்.¹ இரண்டு நாள் மோட்டார் ஓயவில்லை. இன்றைக்குத் தண்ணீர் தேவலை. தேவலை என்றால் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

¹ மொத்தம் ஒன்பது பந்து. தவளைகள் ஏறி உட்காருகின்றன.

6.

ரிஃபாத்துக்கு நியாயமாக நடந்துகொள்ள வேண்டும். "ஒத்தையில வழுக்கி விழுந்தா யாருக்கும்மா தெரியும்?" என்றும் கேட்டான். அந்தப் பயம் நிஜம்.

குளம் அவன் வாப்பாவின் ஞாபகம் என்று நான் எழுதினால் அவன் அழுவான், நீங்களும் அழலாம். அதுவும் உண்மைதான். ஆனால் மூட வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு: நான் இதில் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு வேலை கையில் படிந்திருக்கிறது. அதன்மேல் மண்ணடிக்கப் பார்க்கிறான்.

முடிவு (அ): அவன் குனிந்து பார்க்கிறான். தெரிகிறது.

முடிவு (ஆ): லாரி வருகி— (இதை முழுசாக எழுத மாட்டேன்.)

7.

போன். "உம்மா, புளியறை தாண்டிட்டேன். அரை மணியில வீடு."

அதே நேரம் சாரலும் வந்துவிட்டது. தண்ணீர்மேல் ஆயிரம் புள்ளி. அடியில் டைல் நேரா, கோணலா, டைல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சுத்தமான தண்ணீரும் சாரலில் எதையும் காட்டாது. இதைக் கதைக்கு நான் வரவழைக்கவில்லை; ஜூலை கொண்டுவந்தது.

முடிவு (இ): ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் இந்தக் குளத்தில் இறங்கியதில்லை. இப்போது சேலையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன். நெஞ்சளவு. தண்ணீரில் நின்று எப்படி எழுதுகிறாள் என்று கேட்பவர்களுக்கு: நோட்டு கரையில், குடைக்கு அடியில் இருக்கிறது. காலால் துழாவினேன். உள்ளங்காலில் ஒரு மூலை தூக்கலாக இடிக்கிறது. கோணல்தான், மைதீன். நேரில்லை.

அதன்மேலேயே நிற்கிறேன். ரிஃபாத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதும் தயார்: "பாக்கணும்னா நீயும் இறங்கி வாலே."

வாசலில் கார் ஹாரன். நான் நகர முடியாது. கேட்டுக்குப் பக்கத்தில் நீங்கள்தான் இருக்கிறீர்கள், கொஞ்சம் திறந்துவிடுங்கள்.